உருண்டை முகமும் ஒரு காதுகுத்து போட்டோவும்

போன வாரம் அலமாரியை ஒழிச்சுக்கிட்டு இருந்தப்ப என்னோட முதல் வேலையின் ஐடி கார்டு கிடைச்சது. போட்டோவைப் பார்த்துட்டு அம்மா, "யாருடா இது?"ன்னு கேட்டாங்க. நெத்தி முழுக்க முடி, ரெண்டு காதையும் மூடி முடி, நடுவுல ஒரு வட்டம். அந்த வட்டம்தான் நான். (சிரிப்பு)

உருண்டை முகத்துக்கு எப்படி முடி வெட்டலாம்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. என் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஸ்கூல்ல எனக்குப் பேரு 'இட்லி'. காலேஜ் போனதும் நான் செஞ்ச முதல் வேலை, கன்னத்தை மறைக்கிறதுக்காக முடி வளர்த்தது. குரூப் போட்டோன்னா பின்வரிசை. அக்கா கல்யாண ஆல்பத்தில் எங்கே தேடினாலும் எனக்குப் பாதி முகம்தான் இருக்கும். முதல் வேலைக்குச் சேரும் முன்னாடி ஒரு பெரிய சலூனுக்குப் போய், பிடிச்ச ஹீரோ படத்தைக் காட்டி, அதே மாதிரி முன்னாடி முடி விழ வெட்டிக்கிட்டேன். அதோட விளைவுதான் அந்த ஐடி கார்டு.

அப்புறம் அக்கா பையனுக்குக் காதுகுத்து வந்தது. நான் தாய்மாமன். பையன் என் மடியில உட்காரணும், எல்லா கேமராவும் எங்களைத்தான் பார்க்கும். பின்வரிசையில ஒளிய வழியே இல்லை. அந்தப் பதற்றத்தில் எங்க தெரு சலூனுக்குப் போய், அதே ஹீரோ படத்தை நீட்டினேன்.

கடைக்கார அண்ணன் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தம்பி, இவருக்கு நீள முகம். நெத்தியை மறைச்சா அளவாத் தெரியும். உங்களுக்கு மறைச்சா இருக்கிற நீளமும் போயிடும்"னு சொல்லி, சீப்பால முன்முடியை அப்படியே மேல தூக்கிப் பிடிச்சார். "இப்பப் பாருங்க." கண்ணாடியில் அதே முகம்தான். ஆனா நெத்தி தெரிஞ்சதும் முகம் ஒரு விரல் நீண்ட மாதிரி இருந்தது. இத்தனை வருஷமா மறைக்கிறேன்னு நினைச்சு, நானே வட்டம் போட்டுக்கிட்டு இருந்திருக்கேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். உங்களுக்கு உருண்டை முகமா? செல்ஃபியை நம்பாதீங்க. ஒரு தையல் டேப் எடுத்து, முடி ஆரம்பிக்கிற இடத்திலிருந்து முகவாய் வரைக்கும் அளங்க. அப்புறம் ஒரு கன்ன எலும்பிலிருந்து இன்னொரு கன்ன எலும்பு வரைக்கும். ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணா இருந்து, தாடையிலும் மூலை தெரியலைன்னா, வாங்க, நீங்க நம்ம கட்சி.

நமக்கு விதி ஒண்ணுதான்: பக்கவாட்டில் அகலம் கூடக்கூடாது, மேலே உயரம் வேணும். அதனால எல்லாப் பக்கமும் ஒரே அளவா மெஷின் போடுற சம்மர் கட் வேண்டாம், தலையும் முகமும் சேர்ந்து ஒரே உருண்டை ஆகிடும். மஷ்ரூம் கட் வேண்டவே வேண்டாம். நடு வகிடு எடுத்துக் கன்னம் வரை தொங்கவிடுறதும் அப்படித்தான்.

சலூன்ல "மீடியமா வெட்டுங்கண்ணே"ன்னு சொல்லாதீங்க. ஒவ்வொருத்தருக்கும் மீடியம் வேற. நம்பரா சொல்லுங்க. மெஷின்ல மாட்டுற கிளிப்பில் 1-ம் நம்பர் சுமார் 3 மில்லிமீட்டர், 2-ம் நம்பர் 6, 3-ம் நம்பர் 10, 4-ம் நம்பர் 13. சைடுக்கு 2-ல் தொடங்கலாம், தைரியம் இருந்தா 1. மேலே கத்தரியால மட்டும், ரெண்டு இஞ்சுக்குக் குறையாம. ஃபேட் போடுறதா இருந்தா மிட் ஃபேட், இல்லைன்னா ஹை ஃபேட். இன்னொண்ணும் முக்கியம்: சைடும் உச்சியும் சேருற இடத்தை உருட்டி வெட்ட வேண்டாம், கொஞ்சம் மூலையா விடச் சொல்லுங்க. முகத்தில் இல்லாத கோணம் அங்கே கிடைக்கும்.

வகிடு பக்கவாட்டில் இருக்கட்டும். சுழி எங்கே இருக்குன்னு முதலில் பார்க்கச் சொல்லுங்க, அங்கே ரொம்பக் குறைச்சா குத்திட்டு நிக்கும். சுருட்டை முடிக்காரங்க உஷார்: ஈரத்தில் நீளமாத் தெரியும், காய்ஞ்சதும் ஏறிக்கும். அதனால கொஞ்சம் கூடுதலா விடணும். தாடி வெச்சா கன்னத்தில் ஒட்ட, முகவாயில் நீளமா. தலைமுடிக்குச் சொன்ன கணக்குதான், தலைகீழா.

ஹெல்மெட் பிரச்சனைக்கு வருவோம். தூக்கிச் சீவின முடி, ஹெல்மெட்டைக் கழட்டும்போது அப்பளம் மாதிரி இருக்கும். தினமும் பைக்ல போறவங்க மேலே ஏத்த இறக்கமா வெட்டச் சொல்லுங்க. ஆபீஸ் வாசலில் ஈரக்கையால கோதினாலே எழுந்துக்கும். பளபளன்னு ஜெல் போட்டா முடி ஒட்டி அடங்கிடும், பளபளப்பு இல்லாத வாக்ஸ் பட்டாணி அளவு போதும். முடி மாசத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். அதனால மூணு, நாலு வாரத்துக்கு ஒருமுறை சைடை மட்டுமாவது குறைச்சுக்கங்க.

அன்னைக்கு அண்ணன் வெட்டி முடிச்சதும் என் முகம் ஒண்ணும் மாறிடல. உருண்டைதான். இப்பவும் உருண்டைதான். ஆனா காதுகுத்து போட்டோவில் முகம் முழுசா இருக்கு. மடியில் மொட்டை போட்ட மருமகன் வாயைப் பிளந்து அழறான், அப்படியே என் மூஞ்சி. அக்கா பார்த்துட்டு, "ஒரே தட்டுல ரெண்டு இட்லி"ன்னாங்க. முதல் தடவையா அந்தப் பேரைக் கேட்டு நானும் சிரிச்சேன். அவன் வளர்ந்து முடியை முன்னாடி இழுத்து விட ஆரம்பிச்சா, ஒரு சீப்பை எடுத்துக்கிட்டுப் போய் நிக்கிறது தாய்மாமன் பொறுப்பு.

நீங்க சலூன்ல பட்ட அனுபவத்தை எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடுல பேசலாம். வரட்டுமா?