வீட்டை விற்பவர் சொல்லியாக வேண்டியவை
(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)

 

மனிதன் தன் ஆயுளில் செய்யும் கொடுக்கல் வாங்கல்களில் ஆகப் பெரியது பெரும்பாலும் ஒரு வீட்டுக் கிரயமாகவே இருக்கிறது. வெளிநாட்டில் பல வருடம் உழைத்த பணம், மனைவியின் நகை, வங்கிக் கடன் யாவும் ஒரே பத்திரத்தில் போய்ச் சேருகின்றன. வாங்குபவர் எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்று எச்சரிப்போர் பலர் உள்ளனர். விற்பவர் எதையெல்லாம் சொல்லி விற்க வேண்டும் என்பதைப் பேசுவோர் குறைவு. ஆகவே அதையே இன்று பேச எடுத்துக்கொண்டோம்.

நம் நாட்டில் 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அதன் 55ஆம் பிரிவு விற்பவரின் கடமைகளை வரிசைப்படுத்துகிறது. அவற்றுள் முதலாவது, குறையை வெளிப்படுத்துவது. சொத்திலோ, அதன் மீதான தம் உரிமையிலோ முக்கியமான குறை இருந்து, அது விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், சாதாரணக் கவனத்தால் அவர் கண்டுபிடிக்கவும் இயலாததாக இருந்தால், விற்பவர் அதைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விடுவது மோசடி என்றே அச்சட்டம் கூறுகிறது. பொய் சொல்லியிருக்க வேண்டும் என்பதில்லை, மௌனமே போதுமானது.

மதரஸாவில் ஃபிக்ஹு ஓதியோருக்கு இது புதிதன்று. வாங்கிய பொருளில் முன்பே இருந்த குறை பின்னர் வெளிப்பட்டால், அதைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையை நம் இமாம்கள் 'கியாருல் ஐப்' என்ற பெயரில் விளக்கியுள்ளனர். தானியக் குவியலுக்குள் கைவிட்டு உள்ளே ஈரத்தைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அந்த ஈரத்தை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கண்டித்த சம்பவத்தையும் நாம் அறிவோம். வீட்டு விற்பனையிலும் ஈரம் மேலே தெரிய வேண்டும் என்பதே நம் கருத்து.

உடைந்த ஓடும், விரிசல் விட்ட சுவரும் வாங்குபவர் கண்ணுக்குத் தெரிபவை. அவற்றைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. தளத்துக்கு அடியில் மூடப்பட்ட பழைய கிணற்றையும், பூசி மறைக்கப்பட்ட விரிசலையும் அவர் எவ்வாறு காண்பார்? 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ வீடுகள் மூழ்கின. அத்தகைய வீட்டுக்கு வெள்ளையடித்து, "இங்குத் தண்ணீர் வந்ததுண்டா?" என்று கேட்பவரிடம் "இல்லை" என்று கூறலாகாது. சொத்து பற்றியும் உரிமை பற்றியும் வாங்குபவர் கேட்கும் பொருத்தமான கேள்விகளுக்கெல்லாம் தாம் அறிந்தவரை விடையளிப்பதும், கேட்கும்போது மூலப் பத்திரங்களைக் காட்டுவதும் அதே 55ஆம் பிரிவு விதிக்கும் கடமைகளே. விற்பனை நாள் வரையிலான வரி பாக்கியும் பொதுவாக விற்பவரையே சாரும்.

சுவரில் உள்ள குறையைவிட உரிமையில் உள்ள குறையே அதிகக் குடும்பங்களைக் கெடுக்கிறது. "வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறதே" என்பார்கள். பதிவு செய்யப்பட்ட ஆவணங்களே அச்சான்றில் வரும். தந்தை வஃபாத்தான அன்றே பெண் மக்களுக்குப் பாகம் சேர்ந்துவிட்டது என்பது அதில் வராது. முஸ்லிம்களின் ஹிபாவுக்கு 129ஆம் பிரிவு விலக்கு அளித்திருப்பதால், வாய்மொழியாகக் கொடுத்துச் சுவாதீனமும் ஒப்படைத்த ஹிபாவும் அதில் வராது. பட்டா என்பது வருவாய்த் துறையின் பதிவு. அது மட்டுமே உரிமையை நிலைநாட்டிவிடாது. இவை விற்பவர் குடும்பத்துக்கு மட்டுமே தெரிந்த செய்திகள். எனவே அவர்கள் வாய் திறந்தாக வேண்டும்.

ஓர் உதாரணம் கூறுவோம். ஒருவர் மனைவி, இரு மகன்கள், ஒரு மகளை விட்டு வஃபாத்தாகிறார். வேறு வாரிசு இல்லை. கடனும் வஸிய்யத்தும் இல்லை. வீட்டின் மதிப்பு 40 லட்சம். மனைவிக்கு எட்டில் ஒன்று, அதாவது 5 லட்சம். மீதி 35 லட்சத்தில் மகன்களுக்குத் தலா 14 லட்சம், மகளுக்கு 7 லட்சம். மகன்கள் இருவரும் "நாங்களே உரிமையாளர்கள்" என்று முழு வீட்டையும் எழுதிக் கொடுத்தால், அவர்கள் செல்லத்தக்கதாக விற்றது தங்கள் 28 லட்சத்துக்கான பங்கை மட்டுமே. தாயும் சகோதரியும் நாளை பாகப்பிரிவினை வழக்குத் தொடுக்கலாம். அவர்களுடைய ஹக்கும் பறிபோகிறது. முழு விலை கொடுத்தவரும் ஏமாறுகிறார். ஒரே மௌனத்தில் இரண்டு அநியாயங்கள்!

"நகை போட்டுத்தானே கட்டிக் கொடுத்தோம்" என்பர் சிலர். கல்யாணத்தில் போட்ட நகை வாரிசுப் பாகத்தைக் கழிக்காது. "எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்" என்பர் வேறு சிலர். மனமுவந்து விட்டுக் கொடுப்பதாயின், அதைப் பதிவு செய்யப்பட்ட விடுதலைப் பத்திரமாக எழுதி வாங்குவதே முறை. வட்டாட்சியர் வழங்கும் வாரிசுச் சான்றைக் காட்டி, அதில் உள்ள அனைவரையும் கிரயத்தில் கையெழுத்திடச் செய்வது அதைவிட எளிது.

அடுக்குமாடி கட்டி விற்கும் சகோதரர்கள் 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். வீட்டை ஒப்படைத்து 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்பில் குறை தெரிவிக்கப்பட்டால், 30 நாட்களுக்குள் தம் செலவில் சரி செய்து தர வேண்டும். நிலத்தின் உரிமைக் குறையால் வாங்கியவருக்கு இழப்பு நேர்ந்தால், அதற்கான ஈட்டுத்தொகைக் கோரிக்கைக்குக் காலவரம்புத் தடையும் இல்லை.

வாங்குபவருக்கும் கடமை உண்டு. விற்பவரின் உரிமையின் தன்மையிலோ அளவிலோ அவருக்கே தெரியாத ஒன்று வாங்குபவருக்குத் தெரிந்து, அது உரிமையின் மதிப்பைப் பெரிதும் கூட்டுமானால், அதைச் சொல்லாமல் விடுவதும் மோசடியே. தமக்கு இரண்டு சென்ட்தான் என்று நம்பும் ஒரு விதவைத் தாயாருக்கு நான்கு சென்ட் பாத்தியம் இருப்பதை அறிந்தவர், வாய் மூடி வாங்கலாகாது.

மறைத்தவர் தப்பிவிடலாம் என்று எண்ண வேண்டாம். குறை தெரிய வந்தால் வாங்குபவர் முறைப்படி கிரயத்தை மறுத்து, கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கலாம். 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, மோசடியை அடிப்படையாகக் கொண்ட வழக்குக்குக் காலம் ஓடத் தொடங்குவது, மோசடி தெரிந்த அல்லது முயன்றால் தெரிந்திருக்கக்கூடிய நாளிலிருந்தே. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவும், நேர்மையின்றி உண்மையை மறைப்பதை ஏமாற்றுதலாகவே கருதுகிறது.

எனவே நம் ஜமாஅத்தார்களை நாம் கேட்டுக்கொள்வது இதுவே. வீட்டை விற்க நாடினால், முன்பணம் வாங்குவதற்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள்: வாரிசுகள் யார் யார், அடமானம் உண்டா, வழக்கு உண்டா, அரசு அறிவிப்பு ஏதும் வந்ததா, வாய்மொழி ஹிபா உண்டா, கட்டடத்தில் கண்ணுக்குத் தெரியாத குறை என்ன. வாங்குபவரிடம் ஒரு பிரதியைக் கொடுத்து, மற்றொன்றில் அவர் கையெழுத்தைப் பெற்று வைத்துக்கொள்ளுங்கள். பத்திரம் எழுதும் முன் வழக்கறிஞர் ஒருவரிடமும் காட்டுங்கள். விலை சற்றுக் குறையலாம். ஆனால் அந்தத் தாள் வாங்கியவருக்கு நிம்மதி, விற்றவருக்குப் பாதுகாப்பு, வீட்டில் பிறந்த பெண் மக்களுக்கு அவர்கள் ஹக்கு.

நம் கொடுக்கல் வாங்கல்களை வல்ல அல்லாஹ் தூய்மையாக்கி, அவற்றில் பரக்கத் செய்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.