வாளிக்குள் ஒரு வயல்

ஜப்பானில் ஐந்தாம் வகுப்புச் சமூகப் பாடத்தில் உணவு உற்பத்தியும் உண்டு. அதற்காகப் பல தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகள் வாளியில் மண் நிரப்பி நெல் வளர்க்கிறார்கள். முளைகட்டி, நாற்று நட்டு, தண்ணீர் கட்டுகிறார்கள். தூர் பிடித்ததும் சில நாள் தண்ணீரை வடித்துக் காயவிட வேண்டும். அப்போதுதான் வேர் ஆழமாக இறங்கும். கதிர் பால் பிடிக்கும்போது குருவி வரும், வலை கட்ட வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது அறுவடைக்குப் பிந்திய வேலை. நெல்லை வரியோடிய பீங்கான் உரலில் போட்டு, ரப்பர் பந்தால் தேய்த்துத் தேய்த்து உமி நீக்குகிறார்கள். கை வலிக்கும். இவ்வளவுக்கும் பிறகு ஒரு வாளியில் ஒரு கிண்ணச் சோறு தேறினால் பெரிது!

2005-இல் உணவுக் கல்விக்கென்றே அங்கே தனிச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் பள்ளிகளில் சத்துணவு ஆசிரியர் என்ற பணியும் தொடங்கியது. மதிய உணவுத் தட்டையே பாடமாக்கி, அதிலுள்ள காய் எங்கே விளைந்தது என்பதையும் அவர் சொல்லித் தருகிறார்.