சாளரத்துள் ஓடும் விளையாட்டு

நுவரெலியாத் தேயிலைத் தோட்டங்களில் பறிக்கப்படும் கொழுந்து மலையிலிருந்து நேரே ஆலையை அடைவதில்லை. அது முதலில் மடுவத்திற்கு வருகிறது. அங்கே நிறுக்கப்பட்டு, பிறர் பறித்த கொழுந்துடன் சேர்க்கப்பட்டு, லொறி வரும்வரை காத்திருந்து, அதன் பின்னரே ஆலைக்குச் செல்கிறது. கை எத்துணை விரைவாகப் பறித்தாலும் இந்தத் தங்கலைத் தவிர்க்க இயலாது.

அத்தோட்டத்து இளைஞன் ஒருவனின் கணினிக்குள்ளும் இத்தகைய மடுவம் ஒன்று உண்டு. பெற்றோர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் வாங்கிய பழைய மடிக்கணினி அது. முழுத்திரையில் தங்குதடையின்றி ஓடும் விளையாட்டு, சிறு சாளரத்துள் வைத்ததும் தயங்கித் தயங்கி ஓடுகிறது. இயந்திரம் பழுதாகிவிட்டது என்று வீட்டார் கலங்குகின்றனர். உண்மை அதுவன்று.

முழுத்திரையில் விளையாட்டுக்குத் திரை முழுவதும் உரியதாகிவிடுகிறது. ஒரு படம் திரையில் தோன்றும்போதே அடுத்த படம் மறைவில் வரையப்படுகிறது. வரைந்து முடிந்ததும் திரை அப்படத்திற்கு மாறிக்கொள்கிறது. எதனையும் படியெடுக்க வேண்டியதில்லை. லொறியே மலையடிவாரத்திற்கு வந்து கொழுந்தை ஏற்றிச் செல்வது போன்றது இது.

சாளரத்துள் நிலைமை வேறு. அருகே கடிதமும், பாட்டும், இணையப் பக்கமும் திறந்திருக்கக்கூடும். அவை யாவற்றையும் ஒரே காட்சியாகத் தொகுக்கும் பணியை மேசைத்தளச் சாளர மேலாளர் என்னும் நிரல் செய்கிறது. 2007 இல் வெளிவந்த விண்டோஸ் விஸ்டாவில் இது அறிமுகமாயிற்று. 2012 இன் விண்டோஸ் 8 முதல் இதனை நிறுத்திவைக்கவும் இயலாது.

1366க்கு 768 புள்ளிகள் கொண்ட திரையை ஏறக்குறைய நிரப்பும் சாளரத்தின் ஒரு படம் சுமார் 42 இலட்சம் பைட்டுகள். வினாடிக்கு 60 முறை படியெடுத்தால் 25 கோடி பைட்டுகள். தனி வரைகலை அட்டையில்லாத மலிவான கணினியில் இச்சுமையையும் பொது நினைவகமே தாங்குகிறது. தொகுக்கும் நேரத்தைச் சற்றே தவறவிட்ட படம், லொறியைத் தவறவிட்ட கூடைபோல் அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டும்.

இக்குறையைப் போக்கப் பிற்காலத்தில் வழி காணப்பட்டது. புதிய முறையில் எழுதப்பட்ட விளையாட்டுகள் தம் படத்தைப் படியெடுக்காமலே மேலாளரிடம் ஒப்படைக்கின்றன. 2022 இல் விண்டோஸ் 11 இல் சேர்க்கப்பட்ட ஒரு தெரிவு, டைரக்ட்எக்ஸ் 10, 11 ஆகியவற்றில் அமைந்த பல விளையாட்டுகளுக்கும் இவ்வழியைத் திறந்தது. ஆயினும் பழைய கணினிகளில் பழைய தங்கலே தொடர்கிறது.

ஆகவே, புதிய இயந்திரத்திற்குக் கடன்படுமுன் செய்யத்தக்கவை சில உண்டு. விளையாட்டை முழுத்திரையில் ஓட்டிப் பார்க்கலாம். பிற நிரல்களை மூடலாம். படத்தின் புள்ளிகளைக் குறைக்கலாம். அப்போது விளையாட்டு விரைந்து ஓடினால், குறை இயந்திரத்தில் இல்லை, இடைவழியிலேதான் உள்ளது. தாமதம் நேர்ந்தது மடுவத்தில் என்றால், பறித்த கையைக் குறைகூறுவது முறையாகாதன்றோ!