குடம் நிறையும் கோடு



காவிரித் தண்ணீர் சுமார் 100 கிலோமீட்டர் தூரம் வந்து, மேடு ஏறி, பெங்களூரைச் சேருகிறது. நம் ஈஜிபுராவில் அது குழாயிலிருந்து குடத்துக்கு வர எவ்வளவு நேரம் ஆகிறது? அதை இன்று படமாக வரையலாம்.

ஒரு தெருக்குழாய், 40 குடும்பங்கள் என்று வைத்துக்கொள்வோம். காலை 6 மணிக்குத் தண்ணீர் வருகிறது. 6.50க்கு நிற்கிறது. இவை கணக்குக்காக நான் போட்ட எண்கள். உங்கள் தெருவின் எண்கள் வேறாக இருக்கும்.

முதல் பத்து நிமிடத்தில் 4 குடும்பங்கள் தண்ணீர் பிடித்தன. அடுத்த பத்தில் 6. பிறகு 10. பிறகு 12. கடைசியில் 8.

இப்போது கூட்டிக்கொண்டே வாருங்கள். சீட்டுப் பணத்தை மாதாமாதம் கூட்டி எழுதுவோமே, அதுபோல. 4, 10, 20, 32, 40. இதற்குக் 'குவிவு நிகழ்வெண்' என்று பெயர். பெயர்தான் பெரிசு. வேலை கூட்டல்தான்.

கட்டம் போட்ட தாளை எடுங்கள். கீழே படுக்கைக் கோட்டில் நேரம். இடது பக்கம் நிற்கும் கோட்டில் குடும்பங்கள். 6 மணிக்கு 0. 6.10க்கு நேரே 4. 6.20க்கு 10. 6.30க்கு 20. 6.40க்கு 32. 6.50க்கு 40. புள்ளியைப் பத்து நிமிடத்தின் முடிவில்தான் வைக்க வேண்டும். நடுவில் வைக்கக் கூடாது. 6.05க்குள் 4 பேரும் பிடித்து முடித்திருப்பார்களா?

புள்ளிகளைச் சேருங்கள். எங்கள் வகுப்பில் ஒரு அக்கா 32க்கு அடுத்து 8க்கு நேரே புள்ளி வைத்துவிட்டார். கோடு கீழே விழுந்தது. "பிடித்த தண்ணீரைத் திருப்பிக் கொட்டினீர்களா அக்கா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே அழித்தார். இந்தக் கோடு ஏறும், அல்லது சமமாகப் போகும். இறங்கவே இறங்காது.

1875ல் இங்கிலாந்தில் பிரான்சிஸ் கால்டன் என்பவர் இதற்கு 'ஓஜைவ்' என்று பெயர் வைத்தார். அது கட்டட வளைவின் பெயர்.

சரி, கோட்டைப் படிப்போம். 40ல் பாதி 20. இடது பக்கம் 20ல் விரல் வையுங்கள். நேரே போய்க் கோட்டைத் தொட்டு, கீழே இறங்குங்கள். 6.30! பாதிப் பேருக்குத் தண்ணீர் கிடைக்க அரை மணி ஆகிறது. 6.30க்கு வீட்டு வேலைக்குக் கிளம்புகிறவர் மற்றப் பாதியில் இருந்தால்? காலிக் குடத்தோடு போக வேண்டியதுதான்.

ஒருநாள் பத்து நிமிடம் முன்னால், 6.40க்கே தண்ணீர் நின்றால்? கோடு 32ல் நிற்கும். 8 வீடுகளுக்குத் தண்ணீர் இல்லை. "தண்ணீர் பற்றவில்லை" என்று மட்டும் மனு எழுதினால் யார் கேட்கிறார்கள்? இந்தத் தாளையும் சேர்த்துக் கொடுங்கள். எத்தனை வீடு, எத்தனை மணி என்று அதிலேயே இருக்கிறது.

நாளைக் காலை குழாயடிக்கு ஒரு பென்சிலும் கடிகாரமும் கொண்டு போங்கள். மாலை வகுப்பில் உங்கள் தெருக் கோட்டைப் போடுவோம்.