டைபாய்டு காய்ச்சலும் எழுதப்படாத கணக்கும்

(கூட்டமைப்பின் பொதுக்குழுவில், அரசு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சகோதரி ஒருவர் ஆற்றிய உரை. உறுப்பினர்கள் பலர் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியிடுகிறோம்.)



போன வருஷம் உங்க வீட்டுல யாருக்காவது டைபாய்டுன்னு சொன்னாங்களா? கை தூக்குங்க. பாதிப் பேர் இருக்கீங்க. அதுல எத்தனை பேருக்கு ரத்தத்தை ‘கல்ச்சர்’ வெச்சுப் பார்த்தாங்க? ஒரு கையும் காணோம். இதைப் பத்தித்தான் பேச வந்திருக்கேன்.

பாகிஸ்தான்ல சிந்து மாகாணத்தில் ஹைதராபாத்னு ஒரு ஊர் இருக்கு. நம்ம தெலங்கானா ஹைதராபாத் இல்லை, அது வேற. 2016 நவம்பர் வாக்கில் அங்கே டைபாய்டு பரவியது. ஆகா கான் பல்கலைக்கழக ஆய்வகத்தார் நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்தபோது, வழக்கமாகக் கொடுக்கிற ஐந்து வகை மருந்துகளுக்கும் அந்தக் கிருமி அசையவில்லை என்று தெரிந்தது. வாய்வழியாகக் கொடுக்க அசித்ரோமைசின் ஒன்றுதான் மிஞ்சியது. அதுவும் போனால் மிக விலை உயர்ந்த ஊசிதான். கூலி வேலைக்குப் போகிற குடும்பம் அதை எத்தனை நாள் போட முடியும்?

நோயாளிகளின் வீடுகளை வரைபடத்தில் குறித்துப் பார்த்தார்கள். சாக்கடைக் குழாய் போகிற வழியை ஒட்டியே நோய் இருந்தது. குடிதண்ணீரில் கழிவுநீர் கலந்திருந்தது. 2018-ல் அந்த ஊர்க் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள். 2019-ல் புதிய டைபாய்டு தடுப்பூசியைத் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்த்த முதல் நாடு பாகிஸ்தான்தான். ஆய்வகத்தில் யாரோ ஒருவர் தினமும் நோட்டில் எழுதியதைக் கூட்டிப் பார்த்ததால்தான் இவ்வளவும் நடந்தது. எழுதாமல் இருந்திருந்தால், ‘காய்ச்சல் கேட்கலை, விதி’ன்னு போயிருக்கும்.

கல்ச்சர்னா என்னன்னு சொல்றேன். நான் வருஷக்கணக்கா செஞ்ச வேலை, கொஞ்சம் நீட்டிச் சொன்னாப் பொறுத்துக்கங்க. ரத்தத்தை எடுத்து, கிருமிக்குத் தீனி கலந்த திரவம் இருக்கிற பாட்டில்ல விடுவோம். நம்ம உடம்புச் சூட்டிலேயே வைப்போம். கிருமி இருந்தா வளரும். அதை எடுத்து ஒரு தட்டுல பரவலாத் தடவி, மேல பொட்டு அளவு காகித வில்லைகளை வைப்போம். ஒவ்வொரு வில்லையிலும் ஒரு மருந்து. மறுநாள் பார்த்தா, கேட்கிற மருந்தைச் சுத்தி வட்டமா வெறுமையா இருக்கும், காயப்போட்ட அரிசியில கோழி கொத்தின இடம் மாதிரி. கேட்காத மருந்துன்னா, வில்லை ஓரம் வரைக்கும் கிருமி வந்து நிக்கும். அந்த வட்டத்தை ஸ்கேல் வெச்சு மில்லிமீட்டர்ல அளந்து எழுதுவோம். ‘எஸ்’னு போட்டிருந்தா மருந்து கேட்கும், ‘ஆர்’னா கேட்காது. இதுக்கெல்லாம் இரண்டு மூணு நாளோ, கூடுதலாகவோ ஆகும். அதுவரைக்கும் டாக்டர் தன் அனுபவத்தில் ஒரு மருந்து கொடுப்பார். ரிசல்ட் வந்ததும் தேவைப்பட்டால் மாற்றுவார்.

இப்போ நம்ம குழுவையே எடுத்துக்குங்க. குழுப் பேரேடு ஊராட்சிக் கூட்டமைப்புக்கு, அங்கிருந்து வட்டாரத்துக்கு என்று கணக்கு போகுதில்லையா? அதே மாதிரிதான் இதுவும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2013-ல் இதற்கான ஆய்வகக் கூட்டமைப்பைத் தொடங்கியது. வேலூர் சி.எம்.சி. அதில் ஒரு முக்கிய மையம். டெல்லியில் உள்ள தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையமும், அரசு மருத்துவக் கல்லூரி ஆய்வகங்களை இணைத்துத் தனியாகக் கணக்கு வாங்குகிறது. உலக சுகாதார நிறுவனம் 2015-ல் தொடங்கிய உலகக் கண்காணிப்பில் இந்தியா 2017-ல் சேர்ந்தது. ஒரு காலத்தில் டைபாய்டுக்கு சிப்ரோஃப்ளாக்சசின் கொடுத்தாலே சரியாகும். இன்று நம் நாட்டில் பெரும்பாலும் அது கேட்பதில்லை. இதைக் கண்டுபிடித்துச் சொன்னது இந்த மாதிரிக் கணக்குதான்.

ஆனா எனக்கு ஒரு மனக்குறை உண்டு, அதையும் சொல்லிடறேன். இந்தக் கணக்கு பெரும்பாலும் பெரிய ஆஸ்பத்திரிகளிலிருந்து வருது. அங்கே போய்ச் சேர்றதுக்குள்ள நோயாளி மூணு டாக்டரைப் பார்த்து, நாலு மாத்திரையை முழுங்கியிருப்பார். தவணை தவறின குழுக்களை மட்டும் தணிக்கை செஞ்சுட்டு, எல்லாக் குழுவும் இப்படித்தான்னு சொன்னா நாம ஒத்துக்குவோமா? நம்ம ஊர்ல வர்ற காய்ச்சலும், கர்ப்பிணிக்கு வர்ற நீர்க்கடுப்பும் எந்த நோட்டுலயும் ஏறலை. பெரிய ஊர்ல ஏறின கணக்கை வெச்சுத்தான் நமக்கும் மருந்து முடிவாகுது.

அதுக்கு நாம செய்யக்கூடியது உண்டு. காய்ச்சல் நாலஞ்சு நாள் விடலைன்னா, ஆன்டிபயாடிக் மாத்திரையை முழுங்கறதுக்கு முன்னாடி, ‘கல்ச்சருக்கு ரத்தம் எடுக்கணுமா டாக்டர்?’னு கேளுங்க. முன்னாடி எடுக்கிறதுதான் முக்கியம். மாத்திரை உள்ளே போயிட்டா கிருமி வளர்றது கஷ்டம். முன்னாடி எடுத்தாலும் பாதிப் பேருக்குத்தான் கிருமி கிடைக்கும், அதனால கிடைக்கலைன்னா டைபாய்டு இல்லைன்னு ஆகாது. உடனே செய்யற ‘விடால்’ டெஸ்ட்டை எல்லாருக்கும் தெரியும். ஒரு தடவை எடுத்த விடாலை மட்டும் நம்பி டைபாய்டுன்னு சொல்ல முடியாது, எந்த மருந்து கேட்கும்னும் அது சொல்லாது. கல்ச்சர் வசதி எல்லா இடத்திலும் இல்லை. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் உண்டு. ஆனா, மூச்சு வாங்குது, சுயநினைவு தப்புது, கைக்குழந்தை பால் குடிக்கலைன்னா ஆய்வுக்காகக் காத்திருக்காதீங்க, உடனே ஆஸ்பத்திரி.

மெடிக்கல் ஷாப்ல ‘ரெண்டு மாத்திரை குடுங்க’ன்னு வாங்கற பழக்கம் நம்மகிட்ட நிறைய. அட்டையில சிவப்புக் கோடு இருந்தா டாக்டர் சீட்டு வேணும்னு அர்த்தம். 2014 மார்ச்சிலிருந்து சில ஆன்டிபயாடிக்குகளுக்கு நோயாளி பேர், டாக்டர் பேர் எல்லாம் தனி நோட்டில் எழுதி மூன்று வருஷம் கடைக்காரர் வைத்திருக்கணும் என்பது சட்டம். ‘சீட்டு கொண்டாங்க’ன்னு கடைக்காரர் சொன்னா சண்டை போடாதீங்க. அவர் சரியாத்தான் செய்யறார்.

கோழி வளர்க்கிற குழுக்கள் இங்கே இருக்கீங்க. கொலிஸ்டின்னு ஒரு மருந்து, மனுஷங்களுக்கு வேற எதுவும் கேட்காதபோது போடறது. அதைக் கோழித் தீவனத்தில் கலந்துகிட்டு இருந்தாங்க. 2019 ஜூலையில் மத்திய அரசு தடை செஞ்சிருச்சு. தீவன மூட்டையில என்ன எழுதியிருக்குன்னு படிக்கத் தெரிஞ்ச பிள்ளைகளை விட்டுப் பாருங்க.

கடைசியா தண்ணி. சிந்து ஊர்ல நடந்தது குழாய்த் தண்ணியாலதான். உங்க ஊர் மேல்நிலைத் தொட்டி எப்போ கழுவினாங்க, குளோரின் போட்டாங்களான்னு அடுத்த கிராமசபையில் கேளுங்க. சாக்கடையை ஒட்டிக் குழாய் உடைஞ்சிருந்தா, எந்தத் தெரு, எந்த வீட்டுப் பக்கம்னு எழுதிக் கொடுத்து, கொடுத்ததுக்குக் கையெழுத்து வாங்கிக்குங்க. நகலைத் தீர்மானப் புத்தகத்தில் ஒட்டி வையுங்க. இப்போ கேள்வி இருக்கிறவங்க கேளுங்கம்மா.