சோழனைச் சிறைவைத்த காடவன்

மேல்மலையனூர்க்காரன் வரலாறு பேச வந்தால் செஞ்சிக் கோட்டை, தேசிங்கு ராஜா என்றுதான் எதிர்பார்ப்பீர்கள். தேசிங்கு கதையைக் கூத்துக்காரர்களே விடிய விடியச் சொல்வார்கள். அது அவர்களிடமே இருக்கட்டும். நான் சொல்ல வந்தது அவருக்கும் ஏறக்குறைய 500 ஆண்டு முந்திய ஒருவரைப் பற்றி. கோப்பெருஞ்சிங்கன். காடவர் குலம். சோழருக்கு அடங்கிய குறுநிலத் தலைவராக இருந்து, சோழச் சக்கரவர்த்தியையே பிடித்துச் சிறையில் வைத்தவர்.

அப்போது சோழ நாட்டை ஆண்டவர் மூன்றாம் இராசராசன். பாண்டியர் படை தஞ்சையையும் உறையூரையும் கொளுத்திவிட்டுப் போயிருந்தது. யானை சளைத்த நேரம் பார்த்துக் காடவர் எழுந்தார்கள். 1231-ஐ ஒட்டி, தெள்ளாற்றில் போர். எந்தத் தெள்ளாறு? வந்தவாசியிலிருந்து திண்டிவனம் வருகிற வழியில், பஸ் நின்று ஆள் ஏற்றுகிறதே, அதே தெள்ளாறுதான். தோற்ற சோழர் அமைச்சர்களோடு சேந்தமங்கலம் சிறைக்குப் போனார். உளுந்தூர்பேட்டைப் பக்கம் இருக்கிறது அந்த ஊர்.

இதைப் பாடமாக நடத்தும்போது ஒரு பையன் எழுந்தான். “பிடிச்சவரு ஏன் சார் ராஜாவைக் கொல்லல?” என்றான். நல்ல கேள்வி. சீனாவில் 196-இல் சாவ் சாவ் என்ற படைத்தலைவர் ஹான் பேரரசரைத் தன் ஊருக்கு அழைத்துப்போய் வைத்துக்கொண்டு, அவர் பெயரிலேயே ஆணை பிறப்பித்தார். உயிரோடு இருக்கிற ராஜாவுக்குத்தான் விலை உண்டு!

ஆனால் இங்கே விலை பேச வந்தவர் போசள மன்னர் இரண்டாம் நரசிம்மன். கடலூரை அடுத்த திருவந்திபுரம் கோயில் கல்வெட்டைப் படித்தால் செய்தித்தாள் படிப்பது போலவே இருக்கும். சோழனை மீட்டு நிறுத்தாமல் எக்காளம் ஊதவிட மாட்டேன் என்று தன் தலைநகர் துவாரசமுத்திரத்திலிருந்து கிளம்புகிறார். அப்பண்ணன், சமுத்திர கோப்பையன் என்று இரண்டு தளபதிகள். வழியெல்லாம் ஊர்களை அழிக்கிறார்கள், பயிரைக் கொளுத்துகிறார்கள், பெண்களைப் பிடிக்கிறார்கள். நடுவில் சிதம்பரத்தில் பொன்னம்பலக் கூத்தனைக் கும்பிட்டும் கொள்கிறார்கள்! சேந்தமங்கலத்தை வளைக்கப்போகும்போது கோப்பெருஞ்சிங்கன் ஆள் அனுப்பிச் சோழரை விட்டுவிடுகிறார். ராஜாக்கள் சண்டையில் வெந்தது யார் வீட்டுப் பயிர் என்று யோசியுங்கள்.

நேரம் ஓடுகிறது, ஆனாலும் விருத்தாசலத்தைச் சொல்லாமல் விட மனமில்லை. பெரம்பலூர்ப் போரில் போசளத் தளபதிகளைக் கொன்ற பாவம் தீர, அந்த ஊர் விருத்தகிரீசுவரருக்கு நெற்றிப் பட்டம் ஒன்று செய்து கொடுத்தார் கோப்பெருஞ்சிங்கன். மணிகள் பதித்த நகை. அதற்கு என்ன பெயர் வைத்தார் தெரியுமா? ‘அவனியாளப் பிறந்தான்’. அவருடைய சொந்தப் பட்டப்பெயர்! பாவத்துக்குப் பரிகாரம் செய்யும்போதும் கர்வம் இறங்கவில்லை பாருங்கள். இதே மனிதருக்குப் ‘பரதம் வல்ல பெருமாள்’ என்றும் ஒரு பட்டம். சிதம்பரம் கீழக் கோபுரம் அவர் எழுப்பியது என்று ஆந்திரத்துத் திரிபுராந்தகம் கல்வெட்டு சொல்கிறது.

கோப்பெருஞ்சிங்கன் என்ற பெயரில் தந்தை, மகன் என இருவர் என்பது அறிஞர் பலர் கருத்து. 1243-இல் முடிசூடியவர் மகன். பிறகு சடையவர்மன் சுந்தர பாண்டியன் சேந்தமங்கலத்தை முற்றுகையிட்டுப் பிடித்தார். பிடித்ததைத் திருப்பியும் கொடுத்தார். அன்றிலிருந்து காடவர் பாண்டியருக்கு அடங்கியவர். 1279-க்குப் பிறகு கோப்பெருஞ்சிங்கன் பெயரில் கல்வெட்டு இல்லை. கடைசிச் சோழர் மூன்றாம் இராசேந்திரனும் அதே ஆண்டோடு மறைகிறார். பிடித்த குலம், பிடிபட்ட குலம் இரண்டையும் பாண்டியர் விழுங்கிவிட்டார்கள்.

தெள்ளாறு, சேந்தமங்கலம், திருவந்திபுரம், விருத்தாசலம். எல்லாமே நமக்குப் பக்கம்தான் நேயர்களே. விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சேந்தமங்கலம் போய் வாருங்கள். இன்னொன்று. உங்கள் ஊர்க் கோயிலில் திருப்பணி நடந்தால், எழுத்துள்ள கல்லின்மேல் சுண்ணாம்பு அடிக்கவோ பெயின்ட் பூசவோ விடாதீர்கள். இத்தனை கதையும் அப்படிப்பட்ட சுவர்களில் படித்ததுதான்.