ஆடுகிற 'கேப்' சொல்லும் சேதி
(நெரவியில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியதின் எழுத்து வடிவம்)



சேமிப்பு, கடன், வசூல் என்று பேசிப் பழகிய நாம் இன்னிக்குப் பல்லைப் பற்றிப் பேசப் போறோம். சிரிக்காதீங்க. ஸ்குரு வைத்துப் பல் கட்ட உள்கடன் வாங்குகிற காலம் இது. அப்படிக் கட்டிய பல் ஆட ஆரம்பித்தால், கடன் மட்டும் ஆடாமல் நிற்கும்.

ஆடினால் நாம் என்ன செய்கிறோம்? நாக்கால் அழுத்திக்கிறோம். மறுபக்கம் மெல்லுகிறோம். கழன்று விழுந்த பிறகு போய் ஒட்டிக்கிட்டு வர்றோம். கொஞ்ச நாளில் திரும்பவும் ஆடுது. "நம்ம நேரம்" என்று விட்டுடுறோம். நேரம் காரணமில்லை. ஆடுவதற்கு ஒரு காரணம் உண்டு. அதைக் கண்டுபிடிக்காமல் எத்தனை தடவை ஒட்டினாலும் நிற்காது.

முதலில் இந்தப் பல் எப்படி நிற்கிறது என்று தெரிஞ்சுக்குவோம். டைட்டானியம் என்ற உலோகத்தோடு எலும்பு இறுகப் பிடித்துக்கொள்ளும் என்று ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் பிரோனமார்க் கண்டறிந்தார். 1965-ல் முதன்முதலாக ஒரு மனிதரின் தாடையில் வைத்தார். இதில் மூன்று பாகம் உண்டு. எலும்புக்குள் வேர் மாதிரி இருக்கும் இம்பிளாண்ட் ஒன்று. அதன்மேல் சின்ன ஸ்குருவால் முடுக்கிய தண்டு இரண்டாவது. அந்தத் தண்டின் மேல் கண்ணுக்குத் தெரியும் கேப் மூன்றாவது. சில கேப்பை சிமெண்டால் ஒட்டுவார்கள், சிலதை ஸ்குருவாலேயே முடுக்குவார்கள்.

ஆடுவது இதில் எது? அதுதான் முதல் கேள்வி.

சிமெண்ட் கரைந்திருந்தால் கேப் மட்டும் கழலும். பழைய சிமெண்டைச் சுத்தம் செய்து மறுபடி ஒட்டலாம். ஈறுக்குள் சிமெண்ட் தங்கினால் புண்ணாகும், அதையும் எடுக்கச் சொல்லணும். ஸ்குரு தளர்ந்திருந்தால் தண்டும் கேப்பும் சேர்ந்து ஆடும். இதுவும் சரிசெய்யக் கூடியதுதான். ஆனால் உள்ளே இருக்கும் இம்பிளாண்டே ஆடினால் எலும்பு பிடிக்கவில்லை என்று அர்த்தம். அதை ஒட்டிச் சரிப்படுத்த முடியாது. பெரும்பாலும் எடுத்துவிட்டு, எலும்பு ஆறிய பிறகு புதிதாகத்தான் வைக்கணும். எது என்பதை மருத்துவர் எக்ஸ்ரே எடுத்து, தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

தையல் மெஷின் ஓட்டுகிற நம்ம பெண்களுக்கு இது நல்லாப் புரியும். ஊசியைப் பிடிக்கும் ஸ்குரு லூசானால் விரலால் தள்ளிவிட்டுத் தைப்போமா? தைத்தால் ஊசி ஒடியும். அதே மாதிரி தளர்ந்த பல்லில் மென்றுகொண்டே இருந்தால் உள்ளே ஸ்குரு வளையும், ஒடியும். ஒடிந்த துண்டை எடுப்பது பெரிய வேலை.

ஸ்குரு ஏன் தளருது? போதுமான அளவு முடுக்காதது ஒரு காரணம். இதற்கு அளவு காட்டும் தனிச் சாவி இருக்கிறது, கை மதிப்பில் முடுக்கினால் போதாது. கடிக்கும்போது அந்தப் பல் மட்டும் உயரமாக இடிப்பது இன்னொன்று. நம்ம சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவில் மெல்லிய சவ்வு இருக்கும், அழுத்தம் கூடினால் உணர்த்தும். இம்பிளாண்டுக்கு அது கிடையாது. இடிப்பது நமக்குத் தெரியாது, ஸ்குரு தாங்கும். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களுக்கும், நண்டு ஓட்டையும் கரும்பையும் அந்தப் பல்லாலேயே கடிப்பவர்களுக்கும் தளரும். புகையிலையும், கட்டுக்குள் இல்லாத சர்க்கரையும் எலும்புப் பிடிப்பையே கெடுக்கும்.

சரி, ஆடினால் என்ன செய்யணும்?

1. அந்தப் பக்கம் மெல்லாதீங்க. பிடித்து இழுக்காதீங்க. சில நாட்களுக்குள் மருத்துவரிடம் போயிடுங்க.

2. கழன்று விட்டால் கழுவி, மூடி உள்ள டப்பாவில் போட்டு எடுத்துப் போங்க. காகிதத்தில் மடித்து வைத்தால் குப்பைக்குப் போயிடும். அரைகுறையாக ஆடும் கேப்போடு தூங்கினால் தொண்டைக்குள் போகலாம். விழுங்கிய பிறகு இருமல், மூச்சுத்திணறல் வந்தால் உடனே அரசு மருத்துவமனைக்கு ஓடுங்க.

3. கடையில் விற்கும் பசையை வைத்து ஒட்டவே ஒட்டாதீங்க.

4. வீக்கம், சீழ், காய்ச்சல் இருந்தால் அன்னைக்கே போகணும்.

மருத்துவரிடம் கூச்சப்படாமல் கேளுங்க: "எந்தப் பாகம் ஆடுது சார்? ஏன் ஆடுது? ஸ்குருவைப் புதுசா மாத்தணுமா? கடி சரியா இருக்கான்னு பாத்தீங்களா? ராத்திரிக்கு உறை போடணுமா?" ஒரே பல் திரும்பத் திரும்பத் தளர்ந்தால் வேறொரு மருத்துவரிடமும் காட்டுங்க. சிதம்பரம் அண்ணாமலை நகரிலும், புதுச்சேரியிலும் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன.

அங்கே போகும்போது ஒரு சீட்டு கையில் இருக்கணும். என்ன கம்பெனி இம்பிளாண்ட், என்ன அளவு, கேப் ஒட்டியதா முடுக்கியதா, எந்தத் தேதி என்ற விவரம். ஒரு கம்பெனி ஸ்குரு இன்னொன்றுக்குப் பொருந்தாது. ஒரு செல்போன் சார்ஜர் இன்னொன்றுக்குச் சேராத காலம் ஞாபகம் இருக்கா? அதே கதைதான். பல் வைக்கும் அன்றே கேட்டு வாங்கிடணும். ரசீது, எக்ஸ்ரேயும் சேர்த்து.

இந்தக் காகிதம் வேறொன்றுக்கும் உதவும். பணம் கொடுத்துப் பெறும் வைத்தியமும் நுகர்வோர் சட்டத்தில் வரும் என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2019-ல் வந்த புதிய சட்டத்துக்கும் அது பொருந்தும். புகார் கொடுக்க இரண்டு வருடம் அவகாசம். ஆனால் எல்லாத் தளர்ச்சியும் மருத்துவர் தப்பு இல்லை. முதலில் பேசிப் பார்ப்பதுதான் முறை.

ஆகவே தோழிகளே, நம் கூட்டமைப்பு சார்பாக ஒன்று கேட்டுக்கொள்கிறோம். பல் கட்ட உள்கடன் கொடுக்கும்போது, அந்தச் சீட்டின் நகலை ஊக்குநர் வாங்கிக் கடன் தாளோடு வைக்கட்டும். அடுத்த குழுக் கூட்டத்தில் இதைத் தீர்மான நோட்டில் எழுதிடுவோம். பல் ஆடுவதை மறைத்துக்கொண்டு ஒரு பக்கமாகச் சாப்பிடும் சகோதரி உங்கள் குழுவில் இருந்தால், துணைக்கு ஒருத்தர் கூடப் போங்க.